குழந்தை முதுகுல நீலமா ஒரு மச்சம், கிரகணத்தால வந்ததா?

புதுவண்ணை_மலர்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மொத கொழந்தை, பொண்ணு, இன்னையோட 78 நாள் ஆகுது. வீடு புது வண்ணாரப்பேட்டை. பொறக்கும்போதே இவளுக்கு இடுப்புக்குக் கீழ, பின்பக்கம் ரெண்டு பக்கமும் சேர்ந்தாப்ல என் உள்ளங்கை அளவுக்கு நீலமா ஒரு திட்டு இருக்கு. சொட்டு நீலத்த தண்ணில சரியா கலக்காம வெள்ளைத் துணி மேல ஊத்திட்டா அங்கங்க புடிச்சிக்குமே, அதே கலர். நடுவுல அழுத்தமா இருக்கு, ஓரம் எங்க முடியுதுன்னே தெரியல. தொட்டா வழவழன்னு தான் இருக்கு, மேடு இல்ல, அமுக்குனா அழமாட்டா. பின்னங்கழுத்துல முடிக்குக் கீழ செவப்பா இன்னொன்னும் இருக்கு, அழுதா அது இன்னும் செவக்குது.

எங்க அத்தை சொல்றது கிரகணம். போன வருஷம் செப்டம்பர் 7, ஞாயித்துக்கிழமை ராத்திரி சந்திர கிரகணம் வந்துச்சே, அப்ப எனக்கு ஆறாவது மாசம். புழுக்கம் தாங்கல, 11 மணிக்கு மேல மாடில கொஞ்சம் நின்னேன், இடுப்பு வலின்னு பின்னாடி கைய வச்சி தேச்சேன். அத நானே தான் வாய் விட்டு அத்தைகிட்ட சொல்லிட்டேன். இப்ப பாரு நீ எங்க தேச்சியோ அங்கயே வந்துடுச்சுன்னு யாரு கொழந்தைய பாக்க வந்தாலும் துணிய வெலக்கி காட்டிக் காட்டி சொல்றாங்க. அவங்க கெட்டவங்க இல்ல, தினம் காலை நீட்டி ஒக்காந்து கொழந்தைய கால்மேல போட்டு குளிப்பாட்டுறது அவங்க தான், ஆனா அந்த எடம் வரும்போது மட்டும் பயத்தமாவு போட்டு அழுத்தி அழுத்தி தேக்குறாங்க, எனக்கு வயிறு கலங்குது.

இதெல்லாம் கூட பரவால்ல. போன வாரம் ரெண்டரை மாச ஊசி போட போனோம். ஊசி தொடையில போடுறதால துணிய கழட்டுனோம், அங்க இருந்தவங்க பாத்துட்டு "இன்னாம்மா இது, கொழந்தைய கீழ போட்டீங்களா, யாராவது அடிச்சீங்களா"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. நான் ஒண்ணும் பேச வராம நின்னேன். ஆட்டோல வர்ற வழியெல்லாம் அழுதேன்.

இது இன்னாது, ஏன் வருது, போயிடுமா? நான் ஏதாவது செஞ்சதால வந்ததா? தெரிஞ்சவங்க உண்மைய சொல்லுங்க.

கொருக்குப்பேட்டை_பாய்:

தங்கச்சி பயப்படாதீங்க, எங்க வீட்ல மூணு பசங்களுக்கும் இருந்துச்சு, பெரியவனுக்கு தோள்பட்டை வரைக்கும். ஸ்கூல் சேக்குற வயசுல தேடி பாத்தா இல்ல. விவரமா தெரிஞ்சவங்க வந்து சொல்வாங்க.

ராயபுரம்_சிஸ்டர்:

மலர் கண்ணு, நான் அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டுல 26 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. கொழந்தை பொறந்ததும் தொடச்சி திருப்பி முதுகு பாப்போம்ல, அப்ப நம்ம ஊரு கொழந்தைங்கள்ல இந்த நீலத் திட்டு இல்லாதத விட இருக்கறத தான் நான் அதிகம் பாத்திருக்கேன். ஆசியா, ஆப்பிரிக்கா பக்கத்து கொழந்தைங்களுக்கு ரொம்ப சகஜம், வெள்ளைக்காரங்களுக்கு கம்மி. முன்னாடி மங்கோலியன் ஸ்பாட்னு சொல்வாங்க, இப்ப டாக்டருங்க டெர்மல் மெலனோசைட்டோசிஸ்னு எழுதுறாங்க. நோய் இல்ல. உன் கொழந்தைய நேர்ல பாக்காம நான் முடிவா சொல்லக்கூடாது, ஆனா நீ சொல்ற எடம், கலர், ஓரம் எல்லாமே அதுக்குத்தான் ஒத்துப்போகுது.

ஏன் வருதுன்னு கேட்டியே. நம்ம தோலுக்கு நெறம் குடுக்குற மெலனின்னு ஒரு சாயம் இருக்கு, அத செய்யுற செல்லுக்கு மெலனோசைட்னு பேரு. அது மொதல்லயே தோல்ல இருக்காது. கரு வளரும்போது முதுகுத்தண்டு உருவாகுற எடத்துக்கிட்ட இருந்து கெளம்பி, ஒடம்பு பூரா நடந்து போயி தோலோட மேல் அடுக்குல குடியேறணும். மின்ட்ல இருந்து டோல்கேட் கெளம்புன ஷேர் ஆட்டோல எல்லாரும் டோல்கேட் போயி சேர்ந்துட்டாங்க, சில பேரு மட்டும் நடுவழியில தங்கிட்டாங்கன்னு வச்சிக்கோ, அப்படி தோலோட உள் அடுக்குலயே தங்கிப்போன செல்லு தான் உன் பொண்ணு இடுப்புல தெரியுறது.

அப்போ சாயம் பழுப்பு கருப்புனா ஏன் நீலமா தெரியுதுன்னு கேப்பே. உங்க தெருவுல வயசான ஆயா யாராவது கையில பச்சை குத்தியிருந்தா கிட்ட போயி பாரு. குத்துறது கரி மை, கருப்பு. ஆனா தோலுக்கு உள்ள போனதும் பச்சையும் நீலமுமா தெரியுது, அதனால தான் அதுக்கு பச்சைன்னே பேரு. ஆழத்துல இருக்கற கருப்பு மேல வெளிச்சம் பட்டா செவப்பு வெளிச்சம் உள்ள போயி அடங்கிடும், நீலம் மட்டும் செதறி வெளிய வரும். ரெண்டுக்கும் ஒரே காரணம் தான்.

இப்ப கிரகணத்துக்கு வர்றேன். அந்த செல்லு நடக்குற வேலையெல்லாம் வயித்துல மூணு நாலு மாசத்துலயே பெரும்பாலும் முடிஞ்சிடும். உனக்கு அன்னைக்கு ஆறாவது மாசம். நீ மாடிக்கு ஏறுறதுக்கு எத்தனையோ நாள் முன்னாடியே அந்த செல்லுங்க அங்க ஒக்காந்தாச்சு. மூணாவது மாசத்துல கிரகணம் வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது, அது வெறும் பூமியோட நெழல் நிலா மேல விழுறது. அன்னைக்கு ராத்திரி இந்தியா பூரா தெரிஞ்ச கிரகணம் அது, எத்தனை மாசமா இருந்த பொண்ணுங்க இடுப்பு தேச்சிருப்பாங்க. ஆறாவது மாசத்துல இடுப்பு வலிக்காத பொம்பளை யாரு?

செய்ய வேண்டியது ஒண்ணு தான், அத தள்ளிப்போடாத. கொழந்தைங்க டாக்டர்கிட்ட காட்டி, தடுப்பூசி அட்டையிலயோ டிஸ்சார்ஜ் சம்மரியிலயோ இது பொறவியிலயே இருக்கற மச்சம்னு எடத்தோடயும் அளவோடயும் எழுதி வாங்கிக்கோ. அடிபட்ட காயம்னு தப்பா நெனைக்கறது உலகம் பூரா நடக்குது. அடிபட்ட கன்றல் நாள் ஆக ஆக பச்சை, மஞ்சள்னு கலர் மாறி ரெண்டு வாரத்துல போயிடும், தொட்டா வலிக்கும். இது மாசக்கணக்கா அப்படியே இருக்கும், வலிக்காது. பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சி வெயில் வெளிச்சத்துல போட்டோ எடுத்து தேதியோட வச்சிக்கோ.

கழுத்துல செவப்பா இருக்கறது வேற. அது ரத்தக் குழாய் கொஞ்சம் விரிஞ்சி இருக்கறது, சால்மன் பேட்ச்னு சொல்வோம். வெரலால அமுக்கி எடுத்தா வெளுத்து ஒடனே திரும்ப செவக்கும். கண் இமையிலயும் நெத்தி நடுவுலயும் வர்றது ஒண்ணு ரெண்டு வருஷத்துல மறையும், பின்னங்கழுத்துல இருக்கறது சில பேருக்கு பெரியவங்க ஆனாலும் இருக்கும், முடி மூடிக்கும். என் கழுத்துலயே இருக்கு.

எதுக்கு கவலைப்படணும்னும் சொல்லிடுறேன், இத படிக்கிற மத்த அம்மாங்களுக்கும் ஆகும். பால் காபி கலர்ல தட்டையா திட்டு ஒண்ணு ரெண்டு இருந்தா ஒண்ணும் இல்ல, ஆனா சின்ன புள்ளைங்களுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல 6 திட்டு இல்ல அதுக்கும் மேல இருந்தா நரம்பு சம்பந்தமான ஒரு பிரச்சினை இருக்கான்னு பாக்கணும். முதுகு நடுவுல, தண்டுவடத்து மேல முடிக்கொத்து, பள்ளம், செவப்பு கட்டி இருந்தா ஸ்கேன் கேப்பாங்க. பொறவியிலயே கருப்பு மச்சம், அது 100 கொழந்தைல ஒண்ணுக்கு இருக்கும், சின்னதா இருந்தா பாத்துக்கிட்டா போதும், முதுகு பூரா படர்ந்த மாதிரி ரொம்ப பெருசா இருந்தா ஸ்கின் டாக்டர் கண்ணுல இருந்துகிட்டே இருக்கணும். நீலத் திட்டு கூட வயிறு, நெஞ்சு, கை கால்னு எங்க பாத்தாலும் இருந்தா ஒரு தடவை டாக்டர்கிட்ட சொல்லணும், அபூர்வமா வேற கோளாறோட சேர்ந்து வரும். உன் பொண்ணுக்கு அப்படி எதுவும் நீ சொல்லல.

பயத்தமாவு போட்டு தேச்சா போகாது கண்ணு. உள்ள இருக்கறத மேல தேச்சி எப்படி எடுப்பாங்க, மேல் தோல் தான் புண்ணாகும்.

காசிமேடு_வலைக்காரன்:

தங்கச்சி நீ எழுதுனத ரெண்டு தபா படிச்சேன். எனக்கு 43 வயசு, காசிமேட்ல வலை பின்ற வேலை. எம் மூஞ்சில வலது பக்கம் நெத்திலேர்ந்து கண் இமை, கன்னம் வரைக்கும் செவப்பு கீது, பொறக்கும்போதே. சின்ன வயசுல ரோஸ் கலரா இருந்துச்சு, இப்ப நாவப்பழம் தின்ன நாக்கு மாதிரி ஆயிடுச்சு, கன்னத்துல கொஞ்சம் தடிப்பும் கீது. இதுக்கு போர்ட் ஒயின் ஸ்டெய்ன்னு பேரு, 1000 கொழந்தைல 3 பேருக்கு வருமாம். இது தானா போவாது, வயசாக ஆக கருக்கும்.

எங்கம்மாவ சொன்னது கிரகணம் இல்ல. மாசமா இருக்கும்போது தெருவுல ஒரு குடிசை பத்திக்கிச்சாம், எங்கம்மா பதறி மூஞ்சில கைய வச்சிக்கினு ஓடிச்சாம். அதனால புள்ளைக்கி நெருப்பு எறங்கிடுச்சுன்னு எங்க ஆயா சொல்லிடுச்சு. தங்கச்சி, எங்கம்மா சாவுற வரைக்கும் அத நம்பிச்சு. 30 வருஷத்துக்கு மேல. நா எங்கயாவது கல்யாணத்துக்கு போனா எம் பின்னாடி வந்து நின்னுக்கும், எவனாச்சும் என்னிய பாத்து இன்னா தீக்காயமான்னு கேட்டா எங்கம்மா தலைய குனிஞ்சிக்கும், நா குனிய மாட்டேன். ஸ்கூல்ல ஒரு வாத்தியாரு ஒட்டுவாரொட்டின்னு நெனச்சி என்னிய கடைசி பெஞ்சுல தனியா ஒக்கார வச்சாரு, அதுக்கும் எங்கம்மா தான் அழுதுச்சு, எந் தப்புன்னு சொல்லிக்கினே. டிசில அங்க அடையாளம்னு எழுதுவாங்கள்ல, எல்லாருக்கும் மச்சத்த தேடி எழுதுவாங்க, எனக்கு மட்டும் பாத்த ஒடனே எழுதிட்டாங்க.

எங்கப்பா ஹார்பர்ல வேலை, யூனியன் ஆளு. எனக்கு 7 வயசு இருக்கும்போது பேப்பர்ல ரஷ்யாக்காரரு கோர்பச்சேவ் போட்டோ வந்துச்சு, அவருக்கு நெத்தில இதே தான். எங்கப்பா அத கத்தரிச்சி சோத்து பசை வச்சி வூட்டு கதவுல ஒட்டி, இந்தா பாருடா எம்மாம் பெரிய நாட்ட ஆளுறாருன்னாரு. அந்த பேப்பரு மஞ்சளாகி கிழியற வரைக்கும் அங்கயே இருந்துச்சு.

காரணம் எனக்கு தெரிஞ்சது 34 வயசுல, லேசர் பண்ண போனப்ப. ஸ்கின் டாக்டரம்மா ஒக்கார வச்சி சொன்னாங்க. கரு உண்டாகி வளரும்போது ஏதோ ஒரே ஒரு செல்லுல ஒரு ஜீன்ல எழுத்து மாறிடுது, ஜிஎன்ஏக்யூன்னு அதுக்கு பேரு, 2013ல தான் கண்டுபுடிச்சாங்களாம். அந்த ஒரு செல்லுல இருந்து பெருகுன ரத்தக் குழாய் மட்டும் விரிஞ்சே கெடக்கும். அம்மாகிட்ட இருந்தோ அப்பாகிட்ட இருந்தோ வர்றது இல்ல, அம்மா தின்னது பாத்தது தொட்டது எதுவும் இல்ல. எனக்கு ரெண்டு பசங்க, ரெண்டுக்கும் இல்ல. அத கேட்டுட்டு வெளிய வந்து பஸ் ஸ்டாப்ல ஒக்காந்தேன். அப்ப எங்கம்மா போயி ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. அத சொல்றதுக்கு ஆளு இல்லையேன்னு தான் நெனச்சேன்.

லேசர் 6 தபா பண்ணேன், பல்ஸ்டு டைன்னு சொல்றது, ரப்பர் பேண்டால அடிச்சா மாதிரி சுருக்குன்னு இருக்கும். நெத்தில நல்லா வெளுத்துச்சு, கன்னத்துல அவ்ளோ இல்ல. கைக்கொழந்தையிலயே ஆரம்பிச்சா பலன் ஜாஸ்தின்னாங்க. யாருக்காச்சும் கொழந்தைக்கு நெத்திலயும் கண் இமையிலயும் இந்த செவப்பு இருந்தா ஒடனே காட்டுங்க, சில பேருக்கு மூளையிலயும் அதே மாதிரி ரத்தக் குழாய் இருந்து வலிப்பு வரும், கண்ணுல பிரஷர் ஏறும். எனக்கு வலிப்பு இல்ல, கண் பிரஷர் மட்டும் எழும்பூர் கண் ஆஸ்பத்திரில வருஷா வருஷம் பாக்க சொல்லிக்கீறாங்க.

நீ இடுப்ப தேச்சதால இல்ல தங்கச்சி. இத உங்க அத்தையாண்ட படிச்சி காட்டு.

பெரம்பூர்_ரெண்டுபுள்ளஅம்மா:

அண்ணா உங்க பதிவ படிச்சிட்டு ரொம்ப நேரம் எழுத முடியல.

மலர், நான் சொல்றது உங்க பொண்ணுக்கு இல்ல, ஆனா மச்சம் தானேன்னு எல்லாத்தையும் விட்டுடக்கூடாதுன்னு எழுதறேன். என் ரெண்டாவது பையன் 34 வாரத்துலயே பொறந்துட்டான், 1 கிலோ 800. பொறக்கும்போது மூஞ்சில ஒண்ணுமே இல்ல. ரெண்டாவது வாரம் இடது மேல் இமையில எறும்பு கடிச்ச மாதிரி ஒரு புள்ளி. ஒரு மாசத்துல கடுகு மொளகாச்சு, மொளகு இலந்தப்பழமாச்சு, செக்கச்செவேல்னு மெத்துமெத்துன்னு. பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டுனேன், தானா போயிடும்மா விட்டுடுன்னு சொன்னாங்க. சொன்னதுல பாதி சரிதான், இதுக்கு ஹெமாஞ்சியோமான்னு பேரு, முதல் அஞ்சு மாசம் வேகமா வளரும், அப்பறம் வருஷக்கணக்குல மெதுவா அதுவே சுருங்கும். ஆனா இவனுக்கு இருந்த எடம் இமை. மூணாவது மாசம் இமை பாதி தொங்கிடுச்சு, கண்மணிய மூடுது. நாங்க ஆறு வாரத்த சும்மா விட்டுட்டோம்.

எழும்பூர் கொழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். கண்ண மூடியே வச்சிருந்தா அந்த கண்ணு வழியா பாக்க மூளை கத்துக்காது, அப்பறம் கட்டி போனாலும் பார்வை வராதுன்னு சொன்னாங்க, எனக்கு கை கால் ஓடல. ஈசிஜி எல்லாம் எடுத்து புரோப்ரனலால் ஆரம்பிச்சாங்க. அது இதயத்துக்கும் பிரஷருக்கும் குடுக்குற மாத்திரை. பிரான்ஸ்ல போர்டோன்னு ஒரு ஊர்ல இதயப் பிரச்சினைக்காக இத ஒரு கொழந்தைக்கு குடுத்தப்போ மூஞ்சில இருந்த கட்டி சுருங்குறத பாத்து 2008ல வெளிய சொன்னாங்களாம், அப்படி தற்செயலா கெடச்ச வைத்தியம். எங்களுக்கு முக்கியமா சொன்னது, பால் குடிச்சதும் தான் மருந்து குடுக்கணும், வெறும் வயித்துல குடுத்தா சுகர் எறங்கிடும், வாந்தியோ பால் குடிக்காமலோ இருந்தா அந்த வேளை மருந்து வேணாம்னு. நாலாவது நாளே செவப்பு மங்குச்சு, அமுக்குனா இன்னும் மெத்துன்னு ஆச்சு, ரெண்டு வாரத்துல கண்ண முழுசா தொறந்து என்ன பாத்தான். இப்ப நாலு வயசு, இமையில தோல் மட்டும் லேசா சுருக்கமா இருக்கு.

அதனால எந்த அம்மாவா இருந்தாலும், செவப்பா ஒண்ணு வாரா வாரம் வளருதுன்னு தெரிஞ்சா, அதுவும் கண்ணு, மூக்கு, உதடு, கழுத்து கிட்ட, இல்ல ஒடம்புல அஞ்சு ஆறு எடத்துல இருந்தா காத்திருக்காதீங்க. குறைமாச கொழந்தைங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் அதிகமா வரும்.

வியாசை_தமிழ்:

ஒரே ஒரு விஷயம். எங்க தெருவுல ஒரு கொழந்தைக்கு கன்னத்துல கருப்பு மச்சம், பொண்ணு புள்ளையாச்சேன்னு பயந்து யாரோ சொல்லி சுண்ணாம்பும் சோடாவும் கொழச்சி வச்சிட்டாங்க. மச்சத்த விட மூணு பங்கு பெருசா தழும்பு இருக்கு இப்ப. தயவுசெஞ்சி யாரும் செய்யாதீங்க. மச்ச பலன் பாக்குறவங்க பாருங்க, அது அவங்கவங்க நம்பிக்கை, ஆனா சுண்ணாம்பு கிட்ட மட்டும் போகாதீங்க.

புதுவண்ணை_மலர்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ரெண்டு நாளா எழுத நேரம் கெடைக்கல.

நேத்து டாக்டர்கிட்ட போனோம். கொழந்தைய குப்புற போட்டு ஜன்னல் கிட்ட வெளிச்சத்துல பாத்தாங்க, கண்ணு, வயிறு, கை கால் எல்லாம் பாத்தாங்க. சிஸ்டர் சொன்னதே தான். ஸ்கேல் வச்சி 9 சென்டிமீட்டர், 6 சென்டிமீட்டர்னு அளந்து அட்டையில எழுதி, பொறவி மச்சம், காயம் இல்லன்னு கையெழுத்து போட்டு சீல் வச்சி குடுத்தாங்க. அத ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருக்கேன். கழுத்துல இருக்கறத அமுக்கி பாத்தேன் சிஸ்டர், வெளுத்து திரும்ப செவந்துச்சு.

வலைக்காரர் அண்ணே, நீங்க எழுதுனத அன்னைக்கு ராத்திரியே அத்தைக்கு படிச்சி காட்டுனேன். உங்க அம்மா தலைய குனிஞ்சிப்பாங்கன்ற எடம் வந்தப்போ போதும் நிறுத்துன்னாங்க. ஒண்ணும் பேசல. மறுநாள் காலைல கொழந்தைய கால்ல போட்டு தண்ணி ஊத்துறாங்க, நான் பக்கத்துல துண்டு வச்சிக்கிட்டு நிக்கறேன். அந்த எடம் வந்ததும் பயத்தமாவ எடுக்கல, வெறும் கையால தண்ணிய தள்ளி விட்டுட்டு, "உன் வூட்டுக்காரனுக்கும் இதே எடத்துல இருந்துச்சு. நான் கத்திரிக்கா அரிஞ்சதால வந்ததுன்னு என் மாமியா சொன்னாங்க. அரிஞ்சேனா இல்லையான்னு எனக்கே ஞாபகம் இல்ல"ன்னாங்க. அவருக்கு இப்ப 31 வயசு, போயி பாத்தேன், ஒரு சுவடும் இல்ல.

அண்ணே, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வருஷா வருஷம் கண் பிரஷர் பாக்கணும்னு சொன்னீங்களே, இந்த வருஷம் பாத்துட்டீங்களா?

காசிமேடு_வலைக்காரன்:

இல்ல தங்கச்சி, போன வருஷமும் போவல. திங்கக்கெழம காலைல போறேன்.